அத்தியாயம் 9: டீசல் இல்லாத சட்டை

"டீசலைப் போக்க சீமெண்ணெய் ஊத்துவாங்களாவே?"

தளவாயண்ணாச்சி இப்படிக் கேட்டதும், இஸ்திரிப் பெட்டிக் கரியை ஊதிக்கிட்டிருந்த மாடக்கண்ணு ஊதுததை நிறுத்திட்டு நிமிந்து பாத்தாரு.

"காலங்காத்தால விடுகதையா அண்ணாச்சி? நான் இன்னும் காப்பி கூட குடிக்கல."

"விடுகதை இல்லவே. ஒருத்தன் உசிரு."

மாடக்கண்ணு லாண்டரி பழைய துறைமுகத்துக்குப் போற ரோட்டுல இருக்கு. கப்பல் ஆபீசர்மாரு வெள்ளை உடுப்பெல்லாம் அங்கதான் வரும். எண்ணெய்க் கறையோட வரும், கொக்கு மாதிரி திரும்பிப் போகும். தளவாயண்ணாச்சி முன்னால கஸ்டம்ஸ்ல இருந்தவரு. கப்பலுக்குள்ள பூந்து தங்கம் தேடுத வேலை. தேடக் கூடாத ஒரு பெரிய மனுசன் வீட்டுல தேடிட்டாரு. அதுக்குப் பெறகு வேலை இல்ல. இப்போ தனியா துப்பு பாக்காரு.

நான் மூஸா. காயல்பட்டணம். துபாய் போக பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுட்டு, அது வர்ற வரைக்கும் அண்ணாச்சிக்குக் கையாளா இருக்கேன். எண்ணெய் எடுக்குத நாட்டுக்குப் போகணும்னு ஆசைப்பட்டேன். எண்ணெய் இங்கனயே வந்து என் மூக்குல ஏறிட்டு.

கேஸ் இதுதான். போன சனிக்கெழம சாயங்காலம் கடக்கரைப் பக்கம், மருந்துக்கு வெளிநாடு போற நிலாவரை இலைக் குடோன் ஒண்ணு தீப்பிடிச்சு எரிஞ்சுது. காய்ஞ்ச இலை. கேக்கணுமா? உள்ள மாட்டிக்கிட்ட வாச்சுமேன் மனுவேல் கரிக்கட்டையாத்தான் வெளிய வந்தாரு. பக்கத்துல காலி சீமெண்ணெய் டின் கெடந்துச்சு. காக்கிச் சட்டை போட்ட ஒருத்தன் மீன்காரத் தெருப் பக்கம் ஓடுனதை ரெண்டு பேரு பாத்திருக்காங்க. மறுநாள் காலையில போலீஸ் தெருத் தெருவா மோப்பம் பிடிச்சுக்கிட்டுப் போயி, லாஞ்சி டிரைவர் பாஸ்கல் வீட்டுக் கொடியில ஒரு காக்கிச் சட்டையை எடுத்தாங்க. சீமெண்ணெய் அப்படியே குப்புனு அடிச்சுது.

"சட்டை யாருதுல?"

"என்னுது" அப்படின்னான் பாஸ்கல். லாஞ்சி நங்கூரம் போட்டுக் கெடக்கையில அவன் மட்டும் இருந்து எஞ்சின் வேலை பாத்தானாம். குழாய் விட்டுப் போயி டீசல் சட்டையில கொட்டிட்டாம். டீசலைப் போக்க பெஞ்சாதி சீமெண்ணெயில கசக்கிப் போட்டாளாம். சட்டையை எடுத்ததுக்குப் போலீஸ் எழுதுன மகஜர்ல கையெழுத்தும் போட்டுட்டான். அவனை வெளிய கொண்டாரச் சொல்லித்தான் பெஞ்சாதி அண்ணாச்சிகிட்ட வந்தா.

போலீஸ்காரங்க சிரிச்சாங்களாம். சேறு போக சாணியில குளிச்சானாம்னு.

மாடக்கண்ணு சிரிக்கல.

"அது வாஸ்தவந்தான் அண்ணாச்சி. லாஞ்சிக்காரங்க எல்லாம் அப்படித்தான் செய்வாங்க. டீசல் சோப்புக்கு மசியாது. தண்ணியைக் கண்டா இன்னும் நல்லா ஒட்டிக்கும். சீமெண்ணெய் அதோட தம்பி. அண்ணன் கையைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்துரும். பெறகு தம்பியை வெயில் பாத்துக்கும். ரெண்டு நாள் கொடியில கெடந்தா அவன் பறந்துருவான். அதுக்கு மேல சோடா, சவுக்காரம்."

"முழுசாப் போயிருமா?"

"பாக்குத எடத்துல போயிரும்." மாடக்கண்ணு ஒரு சட்டைக் காலரை மடக்கிக் காட்டுனாரு. "இந்தா, தையலுக்குள்ள நாலு மடிப்பு இருக்குல்லா? இதுக்குள்ள போன டீசல் எமன் வந்தாலும் வெளிய வராது. நான் மூணு வெள்ளாவி வச்சுப் பாத்திருக்கேன். மூக்குக்குத் தெரியாது, உள்ள உக்காந்திருக்கும். சூடா பெட்டியை வச்சு அமுக்கும், அப்போ எந்திரிச்சு வரும் பாருங்க வாடை!"

அண்ணாச்சி கண்ணுல வெளிச்சம் வந்துட்டு. ஒரு வாரத்துக்குப் பெறகு இப்பத்தான் வருது.

"ஏலே மூஸா, புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அண்ணாச்சி. போலீஸ் ஸ்டேஷன்ல இஸ்திரி போடப் போறோம். இதுவரைக்கும் அவங்கதான் நம்மளைத் தேய்ப்பாங்க."

"சட்டை நாளைக் காலம்பற ரயிலுக்கு மெட்ராஸ் போவுது, சோதிக்க. அதுக்குள்ள சப்-இன்ஸ்பெக்டர் மூக்குல டீசலை ஏத்திட்டோம்னா, பாஸ்கல் சொன்னது நெசம்னு ஆயிரும். அவன் லாஞ்சியிலதான் இருந்தான்னு ஆயிரும். மாடக்கண்ணு, பெட்டியைத் தூக்கும்."

"கரி எரியுதே அண்ணாச்சி."

"எரியட்டும். போற வழியில பாஸ்கல் வீட்டுல அவன் சட்டை இன்னொண்ணும் வாங்கிக்கிடுவோம். ஒத்துப் பாக்கணும்லா."

வெள்ளிக்கெழம பகல் பதினோரு மணி வெயில்ல, எரியுத இஸ்திரிப் பெட்டியோட மூணு பேரு கடக்கரைத் தெருவுல நடந்து போனோம். கருவாடு காயப் போட்டிருந்த பொம்பளைங்க எல்லாம் வேலையை விட்டுட்டுப் பாத்தாங்க. எங்க உம்மா பாத்திருந்தா, இன்னைக்கு ஜும்ஆவுக்குப் போகாம இது என்ன கூத்துன்னு கேட்டிருக்கும்.

பாஸ்கல் வீட்டுல அவன் பெஞ்சாதி சலேத்தம்மா வாசல்லயே நின்னா. நாப்பது வயசு இருக்கும். முந்தானையைக் கையில சுத்திக்கிட்டு, கையை வெளிய காட்டாமலே பேசுனா.

"அண்ணாச்சி, அவுக வந்துருவாகளா?"

"பாப்போம்மா. பாஸ்கல் சட்டை ஒண்ணு வேணும். தொவைச்சது."

அவ உள்ள போனா. நான் பொறவாசல் பக்கம் எட்டிப் பாத்தேன். முத்தத்துல மூணு கொடி கட்டியிருந்துச்சு. மூணும் காலி. தொவைக்குத கல்லுக்குப் பக்கத்துல சோடா உப்பு ஒரு சாக்கு, அரைச்ச சுண்ணாம்புக் கட்டி ஒரு சட்டி.

"ஏக்கா, வீட்டுல எத்தனை பேரு?"

"நாங்க ரெண்டு பேரு, மக ரோசலின். ஏன் தம்பி?"

"மூணு பேருக்கு மூணு கொடி. ஆளுக்கொண்ணு. எங்க வீட்டுல ஒம்போது பேருக்கு ஒரே கொடி, அதுலயும் பாதி வாப்பாவோட கைலி."

அவ சிரிக்கல. சட்டையை நீட்டுனா. அப்பத்தான் அவ கையைப் பாத்தேன். விரல் நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையா வெடிச்சு, தோலு உரிஞ்சு கெடந்துச்சு. அண்ணாச்சியும் பாத்தாரு.

"இது கோயிலுக்குப் போடுத சட்டை அண்ணாச்சி. மத்தது எல்லாம் கிழிசல்."

"கோயில் சட்டையில டீசல் இருக்குமா?"ன்னு நான் கேட்டேன்.

"அவுக மேல்ல இருக்கே தம்பி"ன்னா அவ.

ஸ்டேஷன்ல சப்-இன்ஸ்பெக்டர் இசக்கியப்பன் எங்களைப் பாத்ததும் பேனாவை வச்சுட்டாரு. முரட்டு ஆளு, ஆனா கெட்டவரு இல்ல. அண்ணாச்சிக்குப் பழைய பழக்கம்.

"ஓய் தளவாய், என்னவே இது? சலவைக் கடையா வைக்கப் போறீரு இங்கன?"

"சட்டைக்கு சீல் வச்சாச்சா?"

"அரக்கு தீந்து போச்சு. சாயங்காலந்தான் வருது. ஏன்?"

"ஆண்டவன் இருக்கான்வே"ன்னு சொல்லிட்டு அண்ணாச்சி விசயத்தைச் சொன்னாரு. இசக்கியப்பன் தலையைச் சொறிஞ்சாரு. ஜன்னலைப் பாத்தாரு. ரைட்டரைப் பாத்தாரு.

"தையலை மட்டுந்தான் தொடணும். சட்டை கருகிச்சு, ஒம்ம மூணு பேரையும் உள்ள வச்சுருவேன்."

"ஐயா, என்னை வைங்க. பாஸ்போர்ட் வந்தா இங்கயே குடுத்துரச் சொல்லிருதேன்"னேன் நான்.

மொதல்ல கோயில் சட்டை. மாடக்கண்ணு பெஞ்சுல விரிச்சு, காலர் மேல ஈரத் துணி போட்டு, பெட்டியை வச்சு அமுக்குனாரு. சுர்ருன்னுச்சு. ஆவி கெளம்புச்சு. துணியை எடுத்துட்டு, "மோந்து பாருங்க ஐயா"ன்னாரு.

இசக்கியப்பன் குனிஞ்சாரு. உடனே முகத்தை இழுத்துக்கிட்டாரு.

"அட சண்டாளா! கோயிலுக்குப் போற சட்டைக்குள்ள லாஞ்சியே ஓடுது!"

நானும் மோந்தேன். நெசந்தான். பாக்க வெள்ளை வெளேர்னு இருக்கு, உள்ள டீசல் அடிக்கி. கைத் தையல், பை அடித் தையல், பொத்தான் பட்டி, எங்க அமுக்குனாலும் அதே வாடை. எனக்கு மனுசன் மேல ஒரு பரிதாபம் வந்துட்டு. பத்து வருசம் எஞ்சினோட கெடந்தா சாமி முன்னாலயும் அந்த வாடையோடதான் நிக்கணும் போல.

"இப்போ அந்தச் சட்டையை எடும்"ன்னாரு அண்ணாச்சி. குரல்ல ஒரு சந்தோசம்.

ரைட்டர் காகிதப் பொட்டலத்தைப் பிரிச்சாரு. ஆறு நாள் பொட்டலத்துக்குள்ள அடைச்சுக் கெடந்த சீமெண்ணெய் குப்புனு வந்துச்சு. மாடக்கண்ணு கொஞ்ச நேரம் ஃபேனுக்குக் கீழ உதறுனாரு. பெறகு காலர் மேல ஈரத் துணி. பெட்டி. சுர்ரு.

ஆவி வந்துச்சு. சீமெண்ணெய் வாடை எந்திரிச்சுது. கொஞ்ச நேரத்துல அதுவும் போச்சு.

மாடக்கண்ணு மோந்தாரு. திரும்பவும் அமுக்குனாரு. திரும்பவும் மோந்தாரு. பெறகு கைத் தையல். பை. பொத்தான் பட்டி. அவரு மூஞ்சி மாறிக்கிட்டே போச்சு.

"என்னவே?"ன்னாரு அண்ணாச்சி.

"அண்ணாச்சி..." மாடக்கண்ணு பெட்டியைக் கீழ வச்சுட்டாரு. "இதுல டீசல் இல்ல."

"நல்லாப் பாரும்."

"நாப்பது வருச மூக்கு அண்ணாச்சி. இந்தச் சட்டையில டீசல் ஒரு சொட்டு கூட என்னைக்கும் பட்டதே இல்ல. வெறும் சீமெண்ணெய்தான்."

இசக்கியப்பன் மெதுவா நாற்காலியில உக்காந்தாரு.

"ஓய் தளவாய். நான் மெட்ராஸுக்கு அனுப்பி ஒரு மாசம் காத்துக் கெடக்கணும்னு நெனச்சேன். நீரே வந்து, சொந்தக் கரியைப் போட்டு, டீசல் இல்லைன்னு காட்டிட்டீரு. டீசல் கொட்டுச்சுன்னு அவன் சொன்னது பொய்யி. எனக்கு அது போதும்வே."

நாங்க வெளிய வந்தோம். டீக்கடை பெஞ்சுல மூணு பேரும் உக்காந்தோம். எனக்கு அந்த சலேத்தக்கா வாசல்ல நிக்குததே கண்ணுல வந்துச்சு. நம்ம கட்சிக்காரனுக்கு நாமளே குழி வெட்டிட்டோம்.

"அண்ணாச்சி, இனிமே நாம கேஸ் எடுக்கும்போதே எந்தப் பக்கம்னு போலீஸுகிட்ட கேட்டுக்கிடலாம். அலைச்சல் மிச்சம்"னேன்.

அவரு காதுல விழல. டீயில ஆடை படிஞ்சு போச்சு. திடீர்னு கிளாஸை வச்சாரு.

"மாடக்கண்ணு, என்ன சொன்னீரு? என்னைக்கும் பட்டதே இல்லைன்னா?"

"ஆமா. புதுசா தச்சதில்ல, ரெண்டு வருசச் சட்டை. ஆனா டீசல் பக்கமே போகாத சட்டை."

"ஏலே மூஸா. பாஸ்கல் கோயிலுக்கு மட்டும் போடுத சட்டையில டீசல் இருக்கு. வாரத்துல ஒரு மணி நேரம் போடுத சட்டையிலயே இருக்கு. அப்போ, எஞ்சின்ல கெடந்து உருளும்போது போட்ட காக்கிச் சட்டையில இல்லையா?"

நான் பெஞ்சுல நிமிந்து உக்காந்தேன்.

"அவன் சொன்னது பொய்யின்னு காட்டிட்டோம்னு இசக்கியப்பன் நெனக்காரு. அது பொய்யிதான். ஆனா எந்தப் பொய்யி? டீசல் கொட்டுச்சுங்கது இல்ல. சட்டை அவன்துங்கதுதான் பொய்யி."

"அப்போ யாருது?"

"மூணு பேருக்கு மூணு கொடி. ஒரு சாக்கு சோடா உப்பு. வெடிச்ச கை." அண்ணாச்சி எந்திரிச்சுட்டாரு. "அந்தப் பொம்பள தன் வீட்டுத் துணி மட்டும் தொவைக்கல."

திரும்பவும் அந்த வீட்டுக்குப் போனோம். அண்ணாச்சி உக்காரக் கூட இல்ல.

"சலேத்தம்மா. அந்தச் சட்டை யாரு கொண்டாந்து குடுத்தது?"

அவ சுவரைப் பிடிச்சுக்கிட்டா. பெறகு வாசல் கதவைச் சாத்திட்டு வந்து, சின்னக் குரல்ல சொன்னா. மூணு வருசமா லாஞ்சிக்காரங்க சட்டையெல்லாம் தொவைச்சுக் குடுக்காளாம். டீசல் வாடையைப் போக்குததுல அவ கை அடிச்சுக்கிட ஆளில்லையாம். பொறவாசல் வழியா வரும், பொறவாசல் வழியா போகும். கொடியில காயுதப்போ யாராவது கேட்டா எல்லாம் பாஸ்கல் சட்டைன்னு சொல்லுவாளாம்.

"பாஸ்கலுக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி. தெரியாத மாதிரி இருப்பாக. ஊராம் துணியை எம்பெஞ்சாதி தொவைக்கான்னு வெளிய தெரிஞ்சா கடல்ல விழுந்துருவேன்னு சொல்லியிருக்காக."

எனக்கு எல்லாம் விளங்கிட்டு. ஞாயித்துக்கெழம காலையில போலீஸ் வந்தப்போ தெருவே பூசைக்குக் கெளம்பி நல்ல துணி உடுத்திக்கிட்டு நிக்கி. அத்தனை பேரு முன்னால, சட்டை யாருதுன்னு கேக்கான். என்னுது இல்லைன்னு சொன்னா, பெறகு யாருது, உன் வீட்டுக் கொடியில ஏன் காயுதுன்னு கேப்பான். பாஸ்கல் யோசிக்கவே இல்ல. மூணு வருசமா அந்த வீட்டுல சொல்லிப் பழகுன பொய்யைச் சொல்லிட்டான்.

"குடுத்தது யாரும்மா?"

"குடோன் மேஸ்திரி ஜேசுபாதம். சனிக்கெழம வெளக்கு வைக்கும்போது வந்தாரு. வெறும் மேலுக்குத் துண்டு போத்திக்கிட்டு. லாஞ்சிக்குப் போனேன், டீசல் பட்டுட்டுன்னாரு. நான் வாங்கி அப்படியே சீமெண்ணெயில போட்டுட்டேன்."

"முன்னாலயே சீமெண்ணெய் வாடை அடிக்கலையா?"

அவ கையை விரிச்சுக் காட்டுனா.

"எனக்கு எல்லாமே சீமெண்ணெய் வாடைதான் அண்ணாச்சி. சோறும் அப்படித்தான் இருக்கு."

அண்ணாச்சி என்னைப் பாத்தாரு. சீமெண்ணெய் மணக்கிற சட்டையை ஒளிச்சு வைக்க ஊர்லயே ஒரு எடந்தான் இருக்கு. எல்லாச் சட்டையும் சீமெண்ணெய் மணக்கிற வீடு. ஜேசுபாதம் மூளைக்காரன். குடோன்ல நல்ல இலையைத் தள்ளிட்டுச் சருகை ரொப்பி வச்சிருக்கான்னு துறைமுகத்துல ஏற்கனவே பேச்சு. திங்கக்கெழம வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் இலையைச் சோதிக்க வர்றதா இருந்துச்சு. சனிக்கெழம எரிஞ்சு போச்சு.

"வந்து சொல்லுவியாம்மா?"

"சொல்லுதேன். எனக்கு அவுகதான் வேணும்"னு சொல்லிட்டு அவ செருப்புக் கூட போடாம கெளம்பிட்டா.

இசக்கியப்பன் எல்லாத்தையும் கேட்டாரு. நடுவுல ஒரு தடவை கூட சிரிக்கல. அது நல்ல சகுனம்னு நெனச்சேன்.

"தளவாய், நான் நம்புதேன்வே. ஆனா நான் நம்புனா கோர்ட்டு நம்பாது. சட்டை என்னுதுன்னு மகஜர்ல கையெழுத்து போட்டவன் உள்ள இருக்கான். புருசனைக் காப்பாத்த பெஞ்சாதி ஆயிரம் சொல்லுவா. அவன் வாயால மாத்திச் சொல்லணும். சட்டை என்னுது இல்ல, ஜேசுபாதம் குடுத்தது, இவ தொவைக்க வாங்குனான்னு. ரெண்டு பேரும் ஒண்ணு போல சொல்லட்டும், இன்னைக்கு ராத்திரி ஜேசுபாதம் என் பெஞ்சுல படுப்பான்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

சப்-ஜெயிலுக்கு எல்லாருமா போனோம். மாடக்கண்ணு லாண்டரியைப் பூட்டவே இல்ல, ஆனாலும் கூட வந்தாரு. கம்பிக்கு அந்தப் பக்கம் பாஸ்கல் வந்து நின்னான். கட்டை குட்டையான ஆளு. ஆறு நாளா சவரம் இல்ல. பெஞ்சாதியைப் பாத்ததும் முகம் மலந்துச்சு. அவ பின்னால எங்களைப் பாத்ததும் சுருங்கிப் போச்சு.

அண்ணாச்சி எல்லாத்தையும் சொன்னாரு. பொறுமையா, ஒண்ணு ஒண்ணா. தையல். இஸ்திரிப் பெட்டி. ஜேசுபாதம் துண்டைப் போத்திக்கிட்டு வந்தது.

"ஒரே ஒரு வார்த்தைய்யா. சட்டை என்னுது இல்லைன்னு சொல்லு. திங்கக்கெழம நீ வெளிய."

பாஸ்கல் பெஞ்சாதியைப் பாத்தான்.

"சொல்லிட்டியா?"

அவ தலையைக் குனிஞ்சா.

"சட்டை என்னுதுதான் அண்ணாச்சி"ன்னான் அவன்.

"ஏலே, கிறுக்குப் பயலே!" அண்ணாச்சி கம்பியைப் பிடிச்சு உலுக்குனாரு. "ஒருத்தன் செத்திருக்கான்ல! தூக்கு இல்லைன்னா ஆயுசு பூரா உள்ள!"

"மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. போன ஞாயித்துக்கெழம மொத ஓலை வாசிச்சாச்சு. இன்னும் ரெண்டு ஓலை இருக்கு."

எனக்குப் புரியல. இசக்கியப்பன்தான் என் காதுக்குள்ள சொன்னாரு. கோயில்ல கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு பேரை வாசிப்பாங்க. தடை இருந்தா சொல்லுங்கன்னு ஊரைக் கேப்பாங்க.

"கொலைக் கேஸுல மாட்டுனவன் மகளை எவன்யா கட்டுவான்?"னு கேட்டுட்டேன் நான்.

"கட்டுவாங்க தம்பி. சம்பந்தியே கடத்தல் கேஸுல ரெண்டு வருசம் பாளையங்கோட்டையில இருந்தவரு. போன புதன்கெழம பாக்க வந்தாரு. பொய்க் கேஸுதான, ஆம்பளை ஜெயிலுக்குப் போவான் வருவான், கல்யாணத்தை நிறுத்த வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாரு." அவன் குரல் கொஞ்சங் கூட ஆடல. "ஜெயிலுக்குப் போனவன் மகளைக் கட்டுவாங்க. ஊராம் அழுக்கைத் தொவைச்சவ மகளைக் கட்ட மாட்டாங்க."

அதுவரைக்கும் சும்மா இருந்த மாடக்கண்ணு முன்னால வந்தாரு.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். எங்க அப்பன் தொவைச்சாரு. நான் தொவைக்கேன். இந்த ஊர்ல உள்ள அத்தனை பேரும் எங்கிட்ட அழுக்கோட வந்து வெள்ளையாப் போறாங்க. எங்க வேலை அவ்வளவு கேவலமாய்யா? தூக்குல தொங்குதது அதைவிட மேலா?"

பாஸ்கல் அவரை நிமிந்து பாக்கல.

"நான் ஒங்களைச் சொல்லல அண்ணாச்சி. ஊரு சொல்லும்."

"நான் என்ன ஊருக்கு வெளியவா இருக்கேன்?"

மாடக்கண்ணு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாரு.

சலேத்தம்மா கம்பிக்குப் பக்கத்துல போனா.

"நான் சொல்லத்தான் போறேன். கோர்ட்டுல வந்து நின்னு சொல்லுவேன்."

"சொல்லு. பெஞ்சாதி எனக்காகப் பொய் சொல்லுதான்னு நான் சொல்லுவேன். யாரை நம்புவாங்க?" அப்புறம் குரலை எறக்குனான். "ரோசலினுக்குத் தெரியுமா, நீ சொன்னது?"

"தெரியாது."

"அவ மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியுமா உனக்கு? உன்னாலதான் கல்யாணம் நின்னுதுன்னு?"

அவ வெடிச்ச கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அவன் தன் கையை அது மேல வச்சான். நான் வேற பக்கம் பாத்துக்கிட்டேன். சொல்லுததுக்கு ஒரு தமாசு கூட என்கிட்ட இல்ல.

இசக்கியப்பன் நோட்டைத் திறந்தாரு.

"ஏம்மா, கடைசியாக் கேக்கேன். நீ சொல்லுததை எழுதிக்கிடுதேன். அவன் என்ன சொன்னாலும் பரவால்ல, நீயாவது சொல்லு. சட்டை யாருது?"

தளவாயண்ணாச்சி அவளையே பாத்தாரு. நானும் பாத்தேன். அவ புருசனைப் பாத்தா.

"அவுகளுதுதான் ஐயா"ன்னா.

சனிக்கெழம காலம்பற சட்டை அரக்கு சீலோட மெட்ராஸ் ரயில் ஏறிட்டு. அண்ணாச்சி அன்னைக்கு முழுக்க ஜேசுபாதம் பின்னாலயே அலைஞ்சாரு. குடோன் சாம்பல்ல, டின் கடையில, லாஞ்சி லாஞ்சியா. எல்லா எடத்துலயும் ஒரே பதில்தான். சட்டை என்னுதுன்னு பாஸ்கலே ஒத்துக்கிட்டானே, பெறகு என்ன?

ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவோம்னாரு.

"நானுமா?"

"வாசல்ல நில்லு."

ரெண்டு பேரும் வாசல்லயே நின்னோம். உள்ள கூட்டம். பொம்பளைங்க பக்கம் சலேத்தம்மா முக்காட்டை நல்லா இழுத்து விட்டுக்கிட்டு உக்காந்திருந்தா, பக்கத்துல அந்தப் பொண்ணு. நாலாவது பெஞ்சுல ஜேசுபாதம். புதுச் சட்டை, கஞ்சி போட்டு விரைப்பா நின்னுச்சு.

பூசை முடியுத நேரத்துல சாமியார் ஓலை வாசிச்சாரு. பாஸ்கல், சலேத்தம்மாள் மகள் ரோசலின், இது ரெண்டாம் ஓலை. தடை ஏதாவது தெரிஞ்சவங்க மறைக்காம சொல்லணும்னாரு. சொல்லிட்டு நிமிந்து பாத்தாரு.

கோயில்ல ஒரு இருமல் கூட இல்ல. தளவாயண்ணாச்சி ஒரு காலை எடுத்து வாசப்படி மேல வச்சாரு. நாலாவது பெஞ்சுல ஜேசுபாதம் திரும்பிப் பாத்தான். சலேத்தம்மாவும் திரும்பிப் பாத்தா. வேண்டாம்னு தலையாட்டல, கையைக் காட்டல. சும்மா பாத்தா, அவ்வளவுதான்.

அண்ணாச்சி காலைக் கீழ எறக்கிட்டாரு.

சாமியார் இன்னும் கொஞ்சம் பாத்துட்டு, அடுத்த பேரை வாசிச்சாரு.